செவ்வந்தி பூக்காத கார்த்திகை

அத்தை மணியாச்சியிலிருந்து வந்து இறங்கியபோது ஒரு கையில் துணிப்பையும் இன்னொரு கையில் ஈரச்சாக்கில் சுற்றிய பொட்டலமும் வைத்திருந்தாள். பொட்டலத்தில் தின்பதற்கு ஏதாவது இருக்கும் என்று நான்தான் ஓடிப்போய் வாங்கிப் பிரித்தேன். உள்ளே வேர்மண்ணோடு கொஞ்சம் காய்ந்த குச்சிகள். அவ்வளவுதான். ஒரு சேவு கிடையாது, ஒரு கடலைமிட்டாய் கிடையாது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏட்டி, செவ்வந்தி. பூத்து முடிஞ்சதும் வெட்டி விட்டது. அடியில பாரு, உசிரு இருக்கு" என்றாள் அத்தை. நான் பார்த்தேன். எனக்கு மண்தான் தெரிந்தது.

அத்தை என் அப்பாவுக்கு ஒரே தங்கை. மணியாச்சியில் ரயில்பாதை வேலை பார்க்கும் மாமாவுக்கு அவளைக் கட்டிக்கொடுத்திருந்தது. கல்யாணமாகிச் சில வருஷங்களாகியும் பிள்ளை இல்லை. மாமாவின் அக்காள் வீட்டில் ஒரு காதுகுத்து. அங்கே அத்தை ஆசையாகக் குழந்தையை மடியில் வாங்கக் கை நீட்டியிருக்கிறாள். அந்த அக்காள் சபையில் வைத்து, நீ தொடாதே என்கிற மாதிரி குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டுவிட்டாள். மாமா பக்கத்திலேயே பந்தியில் உட்கார்ந்திருந்தார். அத்தைக்கு அந்த அக்காள் மேல்கூட அவ்வளவு கோபமில்லை. "அவிய வாயத் தொறக்கல மதினி. இலையப் பாத்துக்கிட்டு இருந்தாவ" என்று என் அம்மாவிடம் அவள் திரும்பத் திரும்பச் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வாயில் சோறு இருந்தால் எப்படிப் பேச முடியும் என்று நான் மாமாவுக்காக மனதுக்குள் வாதாடினேன்.

செடி மாமா வாங்கிக் கொடுத்தது. கல்யாணமான புதிதில், வண்டியில் விற்றுக்கொண்டு போனவனிடம் ஒரே ஒரு கன்று வாங்கி வந்து கொடுத்தாராம். வாங்கியதோடு அவர் வேலை முடிந்தது. குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் நட்டு, தண்ணீர் ஊற்றி, வருஷா வருஷம் வெட்டிவிட்டு, அடியில் முளைக்கும் பக்கக் கன்றுகளைப் பிரித்து வைத்து வளர்த்ததெல்லாம் அத்தை. என் அம்மா இதைக் கேட்டுவிட்டு அடுப்படியில் முணுமுணுத்தாள்: "புருசன் வேண்டாமாம், புருசன் வாங்கிக் குடுத்த செடி மட்டும் வேணுமாம்." அம்மாவுக்கு நாக்கு கொஞ்சம் நீளம். ஆனால் அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு அத்தைக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பை வைத்ததும் அவள்தான்.

எங்கள் ஊர் கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனை போகிற வழியில் இருக்கிறது. கரிசல் மண். மழை பெய்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும், வெயில் அடித்தால் கால் உள்ளே போகிற அளவுக்குப் பிளந்துவிடும். உளுந்தும் கம்பும் மிளகாயும் வரும். பூச்செடி நாலு நாள் தண்ணீர் நின்றால் வேர் அழுகிப் போகும். அத்தை அப்பாவை நச்சரித்து மலையடிவாரத்திலிருந்து செம்மண் கொண்டுவரச் செய்தாள். "ஆட்டுக்குத் தீவனம் கொண்டாரவே வண்டி கெடைக்கல, இவளுக்கு மண்ணு கொண்டாரணுமாம்" என்று அப்பா ஊருக்கே கேட்கும்படி சத்தம் போட்டுவிட்டு, கேட்டதற்கு மேலேயே கொண்டுவந்து தட்டினார். ஆட்டுத் தொழுவத்தை ஒட்டி முன்பக்கத்தில் உடைந்த ஓடுகளைப் பரப்பி, அதன்மேல் செம்மண்ணும் ஆட்டுப்புழுக்கையும் கலந்து மேடாக்கி, காய்ந்த குச்சிகளை நட்டாள். சுற்றிலும் கருவேல முள்ளை இரண்டு வரிசையாக அடைத்தாள். எங்கள் ஆடுகள் சும்மா விடுகிற ஜாதியில்லை. என் பள்ளிக்கூடப் பையையே ஒருமுறை தின்று பார்த்தவை. ஆனால் அந்த முள்ளைத் தாண்டி ஒரு மூக்குகூட நுழையவில்லை.

செத்தது என்று நான் நினைத்த குச்சிகளின் அடியிலிருந்து பச்சையாகக் கொத்துக் கொத்தாகக் கிளம்பி வந்தது. அத்தை அதில் ஒரு கன்றை எதிர்வீட்டுப் பெரியம்மைக்குக் கொடுத்தாள். மிச்சத்தைப் பிள்ளை வளர்ப்பதுபோல வளர்த்தாள். ஒரு சாண் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளுவாள். கிள்ளிய இடத்தில் இரண்டாகக் கிளைக்கும். அதையும் கிள்ளுவாள். "ஒல்லியா ஓடிப் போச்சுன்னா பூத் தாங்காதுட்டி, சாஞ்சிரும்" என்பாள்.

ஆனி மாதத்தில் மாமா வந்தார். வெள்ளைச் சட்டை, தலையில் எண்ணெய், கையில் எனக்கு ஒரு பிஸ்கட் பொட்டலம். முற்றத்துக் கட்டிலில் நுனியில் உட்கார்ந்தார். அப்பா கோழி அடித்தார். அத்தையைக் கூட்டிப்போகத்தான் வந்திருக்கிறார் என்று எனக்கே தெரிந்தது. அத்தை தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து கட்டிலில் வைத்துவிட்டு கதவோரம் நின்றாள்.

அம்மாதான் வழி சொன்னாள். "அம்மன் கோயில்ல பூப்போட்டுப் பாத்துருவோம். சாமி என்ன சொல்லுதோ அதக் கேட்டுக்கிடுவோம்." எங்கள் பக்கத்தில் முடிவெடுக்கத் தெரியாத காரியம் எல்லாம் கடைசியில் இதற்குத்தான் வரும். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூவை இன்னொன்றிலும் மடித்து அம்மன் காலடியில் வைத்து, விவரம் தெரியாத பிள்ளை ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். அந்த விவரம் தெரியாத பிள்ளை நான்தான் என்று எனக்கு உடனே விவரமாகத் தெரிந்துவிட்டது. புதுப்பாவாடை போட்டுக்கொண்டு போக வேண்டும் என்று தீர்மானித்தேன்.

அத்தை ஒரே பேச்சில் அதைக் கெடுத்தாள். "எஞ்சங்கதிய கோயில்ல வச்சுக் கேக்காண்டாம் மதினி. இந்தச் செடி கார்த்திகைல பூக்கும். பூத்தா தலையில வச்சுக்கிட்டு நானே பஸ் ஏறி வாரேன். பூக்கலேன்னா என்னை யாரும் கூப்பிடாண்டாம்."

மாமா முதல்முறையாகச் சிரித்தார். "கார்த்திகைல பூக்காம எங்க போகும்? அங்கன வருசந்தவறாம பூத்துச்சுல்லா?" என்றார். அப்பாவும் சிரித்தார். அம்மாகூடச் சிரித்தாள். வீம்பை விட்டுக்கொடுக்காமல் மாமாவிடம் திரும்பிப் போக அத்தைக்கு ஒரு சாக்கு வேண்டும், அதைச் செடியிடம் கேட்டிருக்கிறாள் என்று பெரியவர்கள் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. எனக்குத்தான் புரியவில்லை. அத்தைக்குப் போக இஷ்டமில்லை, அதனால்தான் இப்படி ஒரு நிபந்தனை போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அதில் சந்தோஷம். எனக்கு இழுக்காமல் தலை பின்னத் தெரிந்தவள் வீட்டிலேயே அத்தை ஒருத்திதான்.

புரட்டாசியில் ஆட்டுத் திருட்டு ஆரம்பித்தது. வேனில் வந்து தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். பக்கத்து ஊரில் ஒரு தொழுவமே காலியாயிற்று. அப்புறம் எங்கள் பெரிய கிடாய் போயிற்று. அப்பா சரியாகச் சாப்பிடாமல் தொழுவத்தையே சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு கோவில்பட்டிக்குப் போய் ஒரு போகஸ் லைட்டு வாங்கிவந்தார். தொழுவத்துக்குப் பக்கத்தில், அத்தையின் செவ்வந்தி மேட்டுக்கு நேர் மேலே கம்பம் நட்டு மாட்டினார்.

எங்கள் தெருவில் அப்படியொரு வெளிச்சத்தை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. "என்ன, கல்யாண வீடா?" என்று கேட்டுக்கொண்டு வந்து பார்த்தார்கள். பொழுது சாய்ந்ததும் அப்பா தன் கையால் சுவிட்சைப் போடுவார், விடிந்தபிறகுதான் அணைப்பார். வேறு யாரையும் தொட விடமாட்டார். அதன்கீழே உட்கார்ந்து நான் வீட்டுப்பாடம் எழுதினேன். அத்தைக்கும் சந்தோஷம்தான். சாப்பிட்டு முடித்து அந்த வெளிச்சத்தில் குனிந்து இலைக்கு இலை புரட்டி அசுவினிப் பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பாள். "அண்ணன் போட்ட லைட்டு எஞ்செடிக்கும் காவலா இருக்கு" என்று சொன்னாள். சொன்னாளே!

ஐப்பசி மழையில் ஊர் முழுக்கச் சகதி. அத்தையின் மேட்டில் மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கவில்லை. செடி கரும்பச்சையாகப் புதர் மாதிரி அடைத்துக்கொண்டு வளர்ந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் இந்த வருஷம் கூடை கூடையாகப் பறிக்கலாம் என்றார்கள்.

கார்த்திகை பிறந்தது. மொட்டு இல்லை.

அத்தை காலையில் எழுந்ததும் வாய்கூடக் கொப்பளிக்காமல் செடியிடம் போவாள். நானும் பின்னாலேயே போவேன். அவள் ஒவ்வொரு நுனியையும் விரலால் விலக்கிப் பார்ப்பாள். இலைதான் இருக்கும். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நானும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வேன், ஆனால் உள்ளுக்குள் இன்றைக்கும் தப்பித்தோம் என்றிருக்கும்.

எதிர்வீட்டில் பூத்துவிட்டது. அத்தை கொடுத்த அதே கன்று. பெரியம்மை அதைக் கொல்லைப்புறத்தில், சாம்பல் கொட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஏனோதானோவென்று நட்டிருந்தாள். மஞ்சள் மஞ்சளாகச் செடியை மூடிப் பூத்துவிட்டது. பெரியம்மை ஒரு கை நிறையப் பறித்து வந்து அத்தையிடம் கொடுத்தாள். கொடுத்தவள் சும்மா போயிருக்கலாம். "ஒன்ன மாதிரி நான் பாத்துப் பாத்தா வளத்தேன் தாயி? எல்லாத்துக்கும் கைராசின்னு ஒண்ணு வேணும்லா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அத்தை அந்தப் பூவை முறத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அம்மா பின்னாலேயே போய்க் கெஞ்சினாள். என் அம்மா யாரிடமும் கெஞ்சி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். "ஏத்தா, அதுவும் ஒஞ்செடி ஈன்ன கன்னுதான. அதத் தலையில வச்சுக்கிட்டுக் கெளம்பு. யாரு கேக்கப் போறா?"

"நான் சொன்னது இந்தச் செடிய மதினி."

"வீம்பு பிடிக்காத."

"வீம்பு இல்ல மதினி. எங்கையில பூக்கட்டும். அப்பந்தான் போவேன்."

பூக்கும் பூக்கும் என்று மார்கழியும் போயிற்று. பூக்காத செடி நிற்காமல் வளர்ந்துகொண்டே இருந்தது. சாய்ந்துவிடக் கூடாதென்று அத்தை கிள்ளிக்கொண்டே இருந்தாள். பூக்கவில்லை என்று அப்பா மாமாவுக்குப் போனில் சொன்னார். மாமா, பொறுத்துப் பார்ப்போம் என்றாராம்.

தைப்பொங்கல் கழிந்த மறுநாள், சொல்லாமல் கொள்ளாமல் மாமாவே வந்துவிட்டார். கரும்புச் சக்கை கூட்டிக்கொண்டிருந்த நான் அவரைப் பார்த்து வாசலில் நின்றேன். அப்பாவும் அம்மாவும் புஞ்சையில் இருந்தார்கள். அத்தை அவருக்கு முதுகைக் காட்டிச் செடிமுன் குந்தியிருந்தாள். நுனிகளைக் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். மாமா சத்தமில்லாமல் வந்து பின்னால் நின்று பார்த்தார். அவள் மடியில் கிடந்த பச்சைத் துணுக்குகளைப் பார்த்தார். தரையில் கிடந்ததைக் குனிந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். செடி வாங்கிக் கொடுத்தவர்தானே தவிர, அது எப்படி வளர்கிறது என்று அவருக்கு என்ன தெரியும்?

"மொட்டையெல்லாம் கிள்ளிப் போட்டுட்டு, பூக்கலேன்னு எனக்குச் சொல்லி விடுதியாக்கும்?" என்றார்.

அத்தை திரும்பிப் பார்த்தாள். அவள் சொல்லியிருக்கலாம். இது மொட்டு இல்லை, வெறும் நுனி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எத்தனையோ தடவை எனக்குப் பொறுமையாகச் சொன்னவள்தானே. எழுந்து நின்றாள், மடியை உதறினாள், அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாயைத் திறக்கவில்லை.  "வர இஷ்டமில்லேன்னா இல்லேன்னு சொல்லிருக்கலாம். செடியப் போட்டு என்னத்துக்கு இந்தப் பாடு படுத்துத" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த நுனியைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்தத் தடவை எனக்கு பிஸ்கட் இல்லை. அதுதான் எனக்கு அன்று பெரிய குறை. இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல வருகிறது.

அப்பா விஷயம் தெரிந்து மணியாச்சிக்குப் போக வேட்டியை மாற்றினார். அத்தை அவர் காலைக் கட்டாத குறையாகத் தடுத்துவிட்டாள். "என்னைப் பத்தி அவியளுக்கு அவ்வளவுதான் தெரியும்னா, நீ போயிச் சொல்லி என்ன ஆவப்போவுது அண்ணே" என்றாள்.

தை கடைசியில், எப்போதும்போல அப்பா ஆடுகளை ஓட்டிக்கொண்டு கிளம்பினார். ஆற்றுப்பாசனத்துப் பக்கம் நெல் அறுப்பு முடிந்த வயல்களில் உரத்துக்காக ஆட்டை அடைத்துக் கிடை போட எங்கள் ஆட்கள் வருஷாவருஷம் போவார்கள். ஆடு திரும்பிவரக் கோடை ஆகிவிடும். தொழுவம் காலி. காலித் தொழுவத்துக்கு எதற்கு வெளிச்சம் என்று அம்மா அன்று சாயங்காலமே லைட்டைப் போடவில்லை. தெரு பழையபடி இருட்டிக்கொண்டது.

மாசி முடியுமுன் செடியின் நுனிகளில் பச்சைமிளகு மாதிரி ஏதோ திரண்டிருந்தது. அதைக் கண்டுபிடித்தது நான். கத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன். பங்குனியில், ஊரே வெயிலில் வறண்டு கிடக்கும்போது, அந்த ஒரு மேடு மட்டும் மஞ்சளாகப் பூத்து நின்றது. காலங்கெட்ட காலத்தில் பூக்கிறதே, நல்லதுக்கா கெட்டதுக்கா என்று பெரியம்மை வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

அத்தை யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. தலைக்கு ஊற்றி, கல்யாணப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு, செவ்வந்தியை நெருக்கமாகத் தொடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். மிச்சப் பூவை ஈரத்துணியில் சுற்றிப் பையில் வைத்தாள். அவ்வளவு அழகாக அவளை நான் பார்த்ததே இல்லை. பஸ் ஏறும்போது, "ஏட்டி, செடிக்குத் தண்ணி ஊத்திரு, என்ன?" என்றாள். நான் உர்ரென்று நின்றேன்.

பொழுது சாயும்போது அதே பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டாள். தலையில் பூ வாடித் தொங்கியது. "வீட்டுல வேற ஆளு இருக்காவ மதினி" என்றாள். மாமா வடக்கே எங்கேயோ மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய் ஒரு மாசத்துக்கு மேல் ஆகிவிட்டதாம். புதிதாகக் குடிவந்த பெண் நல்ல பெண்ணாம், வெயிலில் வந்தவளுக்கு மோர் கொடுத்தாளாம். அத்தை பையிலிருந்த பூவை அவளிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். அப்பா ஊர் திரும்பி எங்கெங்கோ விசாரித்தார். மாமா போனை எடுக்கவேயில்லை. பிறகு அவருக்கு அங்கேயே ஒரு குடும்பமாகிவிட்டது என்று கேள்விப்பட்டோம். அத்தை எங்கள் வீட்டிலேயே இருந்துவிட்டாள். நான் ஆசைப்பட்டபடியே நடந்தது. கல்லூரிக்குப் போகும்வரை அவள்தான் எனக்குத் தலை பின்னினாள்.

போன வருஷம் என் கணவருக்கு ஒசூர்ப் பக்கம் வேலை மாறியது. பக்கத்தில் ஒரு பூப்பண்ணை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனேன். செவ்வந்திப் பாத்திகளுக்கு மேலே வரிசையாகப் பல்பு தொங்கவிட்டிருந்தார்கள். பட்டப்பகலில் எதற்குப் பல்பு என்று கேட்டேன். அங்கே வேலை பார்த்த பெண் சொன்னாள்: "நைட்டுல போடுறதுங்க. லைட்டு எரிஞ்சா சாமந்தி மொட்டே வைக்காது, சும்மா வளரும். நமக்கு எப்பப் பூ வேணுமோ, அதுக்குக் கொஞ்ச நாள் முந்தி அணைச்சுடுவோம். அப்புறம் தானா பூத்துரும்." ரொம்பச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த பாத்திக்குப் போய்விட்டாள். நான் அங்கேயே நின்றேன். பிள்ளைகள் கையைப் பிடித்து இழுத்தார்கள்.

அப்பாவுக்கு இது தெரியாது. நான் சொல்லப் போவதுமில்லை. கம்பத்தில் பல்பு மாறியிருக்கிறதே ஒழிய லைட்டு இன்றைக்கும் எரிகிறது. அது வந்தபிறகு ஒரு ஆடு களவு போனதில்லை என்று வருகிறவர்களிடம் எல்லாம் பெருமையாகச் சொல்வார். அத்தையிடம் சொல்லலாமா என்று போனைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் அந்தக் கோடை ஞாபகத்துக்கு வந்தது. எடுத்த போனைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்த வருஷம் வைகாசியில்தான் அப்பா ஆடுகளோடு திரும்பினார். அன்று பொழுது சாய்ந்ததும் பழைய வழக்கப்படி சுவிட்சைப் போட்டார். முற்றம் பளீரென்றது. அத்தை வேலையை விட்டுவிட்டு வெளியே வந்தாள். லைட்டைப் பார்த்தாள், அதற்குக் கீழே வெட்டிவிட்டிருந்த செடியைப் பார்த்தாள், மறுபடி லைட்டைப் பார்த்தாள்.  பிறகு களைக்கொத்தை எடுத்துவந்து, முள்ளை விலக்கி, செடியை வேரோடு தோண்ட ஆரம்பித்தாள்.

"ஏட்டி, கிறுக்கா ஒனக்கு? அங்கன நல்லாத்தான வளந்துச்சு, ஏன் தோண்டுத?" என்று அப்பா கேட்டார்.

"ஆடு கடிச்சிருது அண்ணே. வீட்டுக்குப் பின்னால வச்சுக்கிடுதேன்."

"அப்படியா? கடிக்குமே, சனியன்" என்று அப்பா பக்கத்தில் நின்ற கிடாய்க்கு ஒரு தட்டுத் தட்டினார்.

வெளிச்சம் எட்டாத பின்சுவரோரம் அத்தை குழி பறித்தாள். நான் செம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் அழுதுகொண்டிருந்தாள். இருட்டில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "ஆடு கடிக்கவே இல்லையே அத்த" என்றேன். "சும்மா கெடட்டி. அப்பாகிட்டச் சொல்லிராத" என்றாள்.

பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவளே அத்தைதான். முள்வேலியைத் தாண்டி ஒரு ஆடும் வாய் வைத்ததில்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அண்ணனிடம் போய் ஏன் இப்படிப் பொய் சொல்கிறாள், வாயில்லாத ஜீவன்கள் மேல் ஏன் பழி போடுகிறாள் என்று எனக்கு அத்தைமேல் கோபமாக வந்தது. செம்பைக் கீழே வைத்துவிட்டு, அடி வாங்கிய கிடாயைத் தடவிக்கொடுக்க முற்றத்துக்கு ஓடினேன்.